குழாய்க்கும் மூச்சு வேண்டும்

மாடியில் யாராவது ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தால், கீழே அம்மாவின் குளியலறை "களக்" என்று ஒரு சத்தம் போடும். தொண்டையில் சிக்கியதை யாரோ விழுங்குவது போல இருக்கும். இரண்டு நொடி கழித்து இன்னொரு "களக்". அப்புறம் அமைதி. "மேல குளிச்சு முடிச்சாச்சு" என்று அம்மா சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவார். முதல் ஒரு மாதம் அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

திருச்சி உறையூரில் இருக்கும் அந்த வீட்டைத் தாத்தா 1962-ல் கட்டினார். அந்தக் காலத்து வழக்கப்படி குளியலறையும் கழிப்பறையும் கொல்லைப்புறத்தில், கிணற்றுக்கு அந்தப் பக்கம். பிறகு கொல்லைக்குக் கூரை வந்தது, கிணற்றுக்கு மூடி வந்தது, 1985-ல் பின்கட்டுக்கு மேல் கான்கிரீட் தளம் வந்தது. கழிப்பறை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. வீடுதான் அதை நோக்கி வளர்ந்து போய் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறு பேருக்கு அந்த ஒன்றே போதும் என்று பல வருடம் ஓட்டினோம். காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டுகிற சண்டை பொறுக்காமல்தான் போன வருஷம் மாடியில் இரண்டாவது குளியலறை கட்டினோம். டைல்ஸ் நிறம் பார்க்க நான்கு கடை ஏறி இறங்கினோம். குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சத்தத்தைத் தொடர்ந்து நாற்றம் வந்தது. அதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து வந்த சித்திதான் மூக்கைச் சுளித்தார். சாக்கடைக் காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை அடிக்குமே அது, நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்குக்குப் பிடிபட்டுவிடும். ஆனால் அதே மூக்கு, தொடர்ந்து அதிலேயே இருந்தால், சீக்கிரம் பழகிப்போய் அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். வீட்டு நாற்றம் விருந்தாளிக்குத்தான் தெரியும்.

வேலையை எடுத்துச் செய்தவரைக் கூப்பிட்டோம். வந்து பினாயில் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாற்பது வருடமாகக் குழாய் வேலை. கையில் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. ஒரு டார்ச், அம்மாவிடம் கேட்டு வாங்கிய ஒரு ஊதுபத்தி, இவ்வளவுதான். என்னை மாடிக்கு அனுப்பி, "ஒரு வாளி ரொப்பி, நான் சொல்றப்ப ஊத்துங்க சார்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கீழ்த் தரையில் இருக்கும் நானி ட்ராப்பை. சல்லடைத் தட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு கிண்ணம், அதற்குள் கவிழ்த்து வைத்த ஒரு குவளை. கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குவளையின் விளிம்பு அந்தத் தண்ணீரில் முங்கியிருப்பதால், அந்தப் பக்கத்துச் சாக்கடைக் காற்று இந்தப் பக்கம் வர முடியாது. முடி அடைக்கிறது என்று அந்தக் குவளையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்ட வீடுகள் ஏராளம். அங்கே குளியலறைக்கும் செப்டிக் டேங்கிற்கும் நடுவில் கதவே கிடையாது.

கழிப்பறைப் பீங்கானுக்குள் இருக்கிற வளைவும் இதே வேலையைத்தான் செய்கிறது. தண்ணீரையே கதவாக்கும் இந்த யோசனையைக் கழிப்பறைக்குப் பொருத்தி 1775-ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். இழுத்து விடப்பட்ட எஸ் எழுத்து போல ஒரு வளைவு, அதன் அடிமடியில் தங்கும் தண்ணீர். கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் பழைய கதவு அடித்துக்கொண்டு போய், புதுக் கதவு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பல்சக்கரங்களோடு வாழ்நாளைக் கழித்த மனிதருக்குப் பல்சக்கரமே இல்லாத ஒரு பொறி எப்படித் தோன்றியது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆனால் இந்தக் கதவு எவ்வளவு பலவீனமானது என்று பாருங்கள். ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரின் உயரம் வழக்கமாக 5 செ.மீ., அதாவது 50 மி.மீ. அந்த உயரத் தண்ணீர் தடுத்து நிறுத்தக்கூடிய அழுத்தம் சுமார் 490 பாஸ்கல். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தில் 200-ல் ஒரு பங்குகூட இல்லை. இளநீரில் ஸ்ட்ரா போட்டு ஒரு சாண் உயரத்துக்கு உறிஞ்சுகிறோமே, அதற்கு இதைப் போல நாலு மடங்கு இழுவை வேண்டும். பால் பல் விழாத குழந்தை உறிஞ்சினாலே உடைந்துவிடுகிற கதவு அது. எங்கள் வீட்டுப் பழைய நானி ட்ராப்பில் 5 செ.மீ. கூட இல்லை, பெரியவர் விரலை விட்டுப் பார்த்தார், நுனிக்கணு நனையவில்லை.

"ஊத்துங்க சார்!"

ஊற்றினேன். இறங்கி வந்து பார்த்தபோது, "இப்ப நீங்களே பாருங்க" என்று, மறுபடி ஊற்றத் தம்பியை மேலே அனுப்பினார். டார்ச் வெளிச்சத்தில் கிண்ணத்துத் தண்ணீர் முதலில் லேசாக நடுங்கியது. பிறகு யாரோ உள்ளிருந்து இழுப்பது போல மட்டம் இறங்கியது. "களக்". குவளையின் விளிம்புக்கு அடியில் ஒரு பெரிய குமிழ் நுழைந்து உள்ளே போனது. மட்டம் திரும்பி வந்தபோது முன்பு இருந்த அளவுக்கு வரவில்லை. மூன்றாவது வாளிக்குப் பிறகு ஊதுபத்தியை ட்ராப்பின் மேல் பிடித்தார். நேரே மேலே போய்க்கொண்டிருந்த புகை, கீழிருந்து யாரோ ஊதியது போல அம்மாவின் புடவைப் பக்கம் சாய்ந்தது. கதவு திறந்துகிடந்தது.

நான் அதுவரை நினைத்திருந்தது, அந்தச் சத்தம் சாக்கடைக் காற்று எங்கள் பக்கம் வெளியேறும் சத்தம் என்று. அது தலைகீழ். எங்கள் குளியலறைக் காற்றைக் குழாய் உள்ளே இழுக்கும் சத்தம் அது. குழாய் மூச்சு வாங்கியிருக்கிறது. அதற்கு வேறு வழி இல்லாததால் எங்கள் வீட்டு வழியாக வாங்கியிருக்கிறது.

ஏன் வேறு வழி இல்லை? பின்பக்கச் சுவரோடு மாடியிலிருந்து இறங்கும் குழாயின் தலையைப் போய்ப் பார்த்தோம். மாடிக் குளியலறை மட்டத்துக்கு ஓரடி மேலே, வெள்ளை வெளேரென்று ஒரு மூடி போட்டுப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

கடலை எண்ணெய் டின்னைத் திறக்கும்போது நம் வீடுகளில் எத்தனை ஓட்டை போடுவோம்? இரண்டு. ஒன்று எண்ணெய் வர, எதிர் மூலையில் இன்னொன்று காற்று போக. ஒரே ஓட்டையோடு கவிழ்த்தால் எண்ணெய் வராது, வந்தாலும் "களக் களக்" என்று விக்கி விக்கித்தான் வரும். எங்கள் வீட்டுக் குழாய் இரண்டாவது ஓட்டை இல்லாத டின்.

செங்குத்துக் குழாயில் தண்ணீர் எப்படி விழுகிறது என்பதே ஒரு தனிக் காட்சி. குழாய் நிறைய, கம்பி போல, விழும் என்றுதான் நாம் கற்பனை செய்வோம். உண்மையில் அது குழாயின் உள்சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய உறை போல வழிகிறது. நடுவில் காற்றாலான ஒரு தூண். சுவரோடு உரசிக்கொண்டே இறங்குவதால் வேகமும் ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மீட்டர், அவ்வளவுதான். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுந்தால் தரையைத் தொடும்போது வினாடிக்கு 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். அதே உச்சியில் ஃபிளஷ் செய்த தண்ணீர் இரண்டாவது மாடியிலிருந்து வருவதைப் போலவே சாதாரணமாக வந்து சேரும். ஆனால் வழிகிற அந்த உறை நடுவிலிருக்கும் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது, தன் அளவைவிடப் பல மடங்கு காற்றை. இழுத்துப் போன காற்றின் இடத்துக்கு மேலிருந்து புதுக் காற்று வர வேண்டும். மேல்வாய் மூடியிருந்தால், வழியில் எந்த ட்ராப் பலவீனமாக இருக்கிறதோ அதை உடைத்துக்கொண்டு வரும். தண்ணீருக்கு முன்னால் தள்ளப்படும் காற்றுக்கோ அடியில் போக்கிடம் வேண்டும். குழாய் படுக்கைவசமாகத் திரும்பும் மூலையில் தண்ணீர் குவிந்து வழியை அடைக்கும்போது, கீழ்த்தளத்து ட்ராப் வழியே அது மேலே ஊதும். மேலே இழுப்பு, கீழே ஊதல். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு உபத்திரவமும் உண்டு.

"தண்ணி தானா இறங்கிடும் சார். அதுக்கு வழி சொல்ல ஆளே வேணாம்" என்றார் பெரியவர், மூடியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டே. "காத்துக்குத்தான் நாம வழி விடணும்."

ஆறடிக் குழாய், ஒரு இணைப்பு, மொட்டை மாடிக்கு மேலே வாய் திறந்து நிற்கும் ஒரு வென்ட் கவுல், அதற்குள் கொசு வலை. கூடவே பழைய நானி ட்ராப்பை எடுத்துவிட்டு ஆழமானது ஒன்று. அன்று மாலையோடு சத்தம் நின்றது. மேலே யார் குளித்து முடித்தார்கள் என்று அம்மாவுக்கு இப்போது தெரிவதில்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, வாஷ்பேசின்களுக்கு அடியில் தொங்கும் அந்த வெள்ளைச் சுருள் ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நேராகத் தரை ஓட்டையில் செருகிவிட்டுப் போவது நம் ஊரில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயம். சிலர் அதையே எஸ் மாதிரி வளைத்துக் கட்டி ட்ராப் ஆக்கிவிட்டதாகத் திருப்திப்படுவார்கள். வசுதேவர் கிண்ணம் என்று ஒரு பழைய விளையாட்டுப் பொருள் உண்டு: கிண்ணத்தின் நடுவே கிருஷ்ணனைச் சுமந்து நிற்கும் வசுதேவர், நீர் ஏறி ஏறிக் குழந்தையின் காலைத் தொட்டதும் கிண்ணத்துத் தண்ணீர் முழுவதும் அடிவழியே வடிந்துவிடும். உள்ளே ஒளிந்திருப்பது கவிழ்ந்த வளைவாக ஒரு சைஃபன் குழாய். எஸ் வளைவும் அப்படித்தான். பேசின் நிறையத் தண்ணீரைத் தேக்கித் திறந்துவிட்டால், அந்த வேகத்தில் தன் கதவையும் தானே உறிஞ்சிக் குடித்துவிடும். வளைவுக்குப் பிறகு குழாய் கீழே விழாமல் படுக்கைவசமாகச் சுவருக்குள் போகிற பி ட்ராப் நல்லது என்பது இதனால்தான்.

பெரியவரோடு அதற்குப் பிறகு ஒரு வாரம் சுற்றினேன். மூடியை அறுத்தவருக்கு வீட்டின் மற்ற குறைகளும் கண்ணில் படத் தொடங்கிவிட்டன.

செப்டிக் டேங்க் போதுமா என்பதுதான் எனக்கிருந்த பெரிய பயம். 1962-ல் ஒரு கழிப்பறைக்குக் கட்டியது, இப்போது இரண்டு. அவர் சிரித்தார். "ஆளு அதே ஆறு பேருதானே சார்?" உண்மைதான். குளியலறை இரண்டானதால் யாரும் இரண்டு முறை குளிக்கப் போவதில்லை. நாள் முழுக்கச் சேரும் கழிவுநீர் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால் டேங்கின் கொள்ளளவை ஆட்கணக்கில்தான் போடுவார்கள். ஆனால் இரண்டாவது குளியலறை எதற்காகக் கட்டினோம்? ஏழு மணிக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளிப்பதற்கு. மொத்தம் மாறவில்லை, உச்சம் இரட்டிப்பாகியிருக்கிறது. உச்சத்தைச் சுமப்பது டேங்க் அல்ல, குழாய்.

இந்த வித்தியாசத்தைக் கணக்காக்கியவர் ராய் ஹன்டர். அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பெரிய கட்டடத்தில் இருக்கிற எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று திட்டமிட்டால் யானை நுழைகிற அளவுக்குக் குழாய் போட வேண்டும். யாரும் அப்படித் திறப்பதில்லை. எத்தனை விநாடிக்கு ஒரு ஃபிளஷ் ஓடுகிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அது மறுபடி அழுத்தப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு, நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் குழாய் திணறாதபடி அளவு சொல்லும் முறையை 1940-ல் வெளியிட்டார். பகடை உருட்டுகிற கணக்கு குளியலறைக்கு வந்த கதை. உலகத்தின் பல நாட்டுக் குழாய் விதிகளில் இன்றும் அதன் நிழல் இருக்கிறது. ஆறு பேர் வீட்டில் மட்டும் அது பலிக்காது. நிகழ்தகவு கூட்டத்தில்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். பள்ளிக்கூட பஸ் ஏழே முக்காலுக்கு வருகிற வீட்டில் இரண்டு குளியலறையும் ஒரே நேரத்தில் ஓடியே தீரும்.

அடுத்தது வாட்டம். தரைக்கோ குழாய்க்கோ கொடுக்கிற சரிவை நம் கொத்தனார்கள் அப்படித்தான் சொல்வார்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி என்பது பழைய கைக்கணக்கு. மூன்று மீட்டர் நீளத்துக்கு 7.5 செ.மீ. இறங்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கிறது. ஆனால் பழைய வீட்டில் இரண்டு முனையும் முன்பே முடிவாகிவிட்டது. ஒரு முனையில் கழிப்பறையின் வாய், மறுமுனையில் அறுபது வருடத்துக்கு முன் யாரோ கட்டிய டேங்கின் வாய். நடுவில் இருக்கிற உயரம்தான் உங்கள் மொத்தச் சொத்து. அதை ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். பெரியவர் அதை அளந்த விதம் அழகு. கண்ணாடி போலத் தெரியும் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப், அதில் குமிழ் இல்லாமல் தண்ணீர். ஒரு முனையை அவர் சேம்பருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான் வீட்டைச் சுற்றிக் கொல்லை மூலையில். இரண்டு பேருக்கும் நடுவில் சுவர், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மி.மீ. பிசகாது. டியூபில் ஒரு குமிழ் சிக்கியிருந்தால் மட்டும் கணக்கு தப்பிவிடும் என்பதால், பிடிப்பதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அங்கேயும் காற்று.

மாடிக் குளியலறை பின்கட்டுக் கான்கிரீட் மேல் அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம், புத்திசாலித்தனம் அல்ல. முன்கட்டு முழுக்க மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சன்னமான செங்கல்லை நிறுத்திவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதித்த தளம். வெயிலுக்கு அதைப் போல ஒன்று கிடையாது. மழையையும் தாங்கும், மழை வழிந்து ஓடிவிடும் என்பதால். தினமும் கசியும் ஈரத்தைத் தாங்காது. கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல், உளுக்கத் தொடங்கும். தெரியும்போது தளம் தொங்கியிருக்கும். புது வீடுகளில் குளியலறைத் தளத்தை மட்டும் ஓரடி இறக்கிப் போட்டு, குழாய்களை அந்தப் பள்ளத்தில் படுக்க வைத்து, செங்கல் ஜல்லியால் மூடிவிடுவார்கள். பழைய கான்கிரீட் தளத்தில் பள்ளம் ஏது? வெட்டினால் கம்பி அறும். மேலே ஓரடி உயர்த்திப் படி வைத்தால், ஐந்துக்கு ஏழு அடிக் குளியலறைக்கு அந்த நிரப்பு மட்டும் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். 1985-ல் போட்ட கம்பி அதை எதிர்பார்த்திருக்காது.

சுலபமான வழி, கழிப்பறையை வெளிச்சுவரோடு ஒட்டி வைப்பது. பீங்கானின் வாய் தரையைப் பார்க்காமல் பின்னால் சுவரைப் பார்க்கிற பி ட்ராப் வகை வாங்கினால், தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் குழாய் நேராகச் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். தளத்தைத் தொடவே வேண்டாம். எங்கள் வீட்டில் இதை மட்டும் சரியாகச் செய்திருந்தார்கள். காரணம் கேட்டேன். ஜன்னல் அந்தப் பக்கம் இருந்ததாம்.

கழிவுநீரை விட்டுவிட்டு நல்ல தண்ணீருக்கு வந்தால், அங்கே ஒரு விநோதம். மொட்டை மாடித் தொட்டிக்கு மிகப் பக்கத்தில் இருப்பது மாடிக் குளியலறை. ஆனால் ஷவர் அங்கேதான் அழுதது. தொட்டியின் அடிமட்டத்துக்கும் மாடி ஷவருக்கும் உயர வித்தியாசம் சுமார் 1.35 மீட்டர். கீழ்க் குளியலறை ஷவருக்கு அது 4.5 மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் இருந்தால்தான் ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். எங்கள் மாடிக்குக் கிடைத்தது அதில் ஏழில் ஒரு பங்கு. தொட்டியை உயர்த்தலாம் என்று தம்பி செங்கல் விலை விசாரித்துவிட்டான். ஆனால் உயரத்தை இரண்டு மடங்காக்கினாலும் ஓட்டம் 1.4 மடங்குதான் கூடும், ஏனென்றால் ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. குழாயின் விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினாலோ, அதே உயரத்தில், ஓட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அரை அங்குலத்தை முக்கால் அங்குலமாக்கி, தொட்டியிலிருந்து மாடிக்கெனத் தனி லைன் இழுத்தோம். தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதே கணக்கின் மறுபக்கம் பழைய ஜிஐ குழாய்களில் தெரியும். தாத்தா காலத்துக் குழாயில் ஒரு துண்டை அறுத்து எடுத்தபோது, உள்ளே துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து புற்று போல வளர்ந்து, 15 மி.மீ. வாய் 10 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. விட்டத்தில் போனது மூன்றில் ஒரு பங்கு. ஓட்டத்தில் போனது மூன்றில் இரண்டு பங்கு. இப்படிப்பட்ட குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்துப் புதுக் குளியலறைக்குக் கொடுப்பது, கிழவர் தோளில் குழந்தையை ஏற்றிவிடுவது மாதிரி. சிபிவிசிக்கு மாறினோம். அதற்கும் ஒரு குணம் உண்டு: வெந்நீர் ஓடினால் நீளும். மூன்று மீட்டர்க் குழாய் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும், அதனால் சுவருக்குள் அசையக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பூச வேண்டும்.

தனி லைன் போட்ட மறுநாள், தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தும் மாடிக் குழாயில் சொட்டு வரவில்லை. ஏர் லாக். குழாய் சன்ஷேடைத் தாண்ட ஒரு இடத்தில் மேலே ஏறி இறங்கியிருந்தது. அந்த மேட்டில் ஒரு காற்றுக் குமிழ் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. கீழ்த்தளம் என்றால் நாலரை மீட்டர் தண்ணீர் அதைத் தள்ளிவிடும். 1.35 மீட்டருக்கு அந்தத் தெம்பு இல்லை. பெரியவர் குழாயில் வாயை வைத்துக் கன்னம் உப்ப ஊதினார். மேலே தொட்டியில் "குபுக்". தண்ணீர் வந்தது. இரண்டு நாள் கழித்து மேட்டைச் சமன் செய்து, தொட்டியின் கேட் வால்வுக்குப் பின்னால் ஒரு சிறு குழாயைத் தொட்டியைவிட உயரமாக நிறுத்திவைத்தார். சிக்கும் காற்று வெளியேற.

காற்று எதிரி மட்டுமல்ல, காவலும் அதுதான். ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸை வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்டு வருகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. தொட்டி தீர்ந்த நேரத்தில் கீழே யாராவது குழாயைத் திறந்தால், குழாயில் இறங்கும் தண்ணீர் மேலிருந்து இழுக்கும். வாளியில் இருப்பது ஹோஸ் வழியே குடிக்கிற தண்ணீர்க் குழாய்க்குள் போகும். 1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு ஹோட்டல்களில் கழிவுநீரும் நல்ல நீரும் கோளாறான குழாய் இணைப்புகளால் கலந்து அமீபா சீதபேதி பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள், ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். குழாயின் வாய்க்கும் வாளியின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெறும் காற்று இருந்தால் போதும், எந்த இழுவையும் அதைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது.

ஆடி மாதம் தம்பிக்கு ஓசூருக்கு மாற்றல் ஆனது. குடும்பத்தோடு போய்விட்டான். அத்தனை பாடுபட்டுக் கட்டிய மாடிக் குளியலறை பூட்டிக் கிடந்தது. இரண்டு மாதம் கழித்து அம்மா போன் செய்தார். "டேய், மறுபடி நாத்தம் வருது. சத்தம் இல்ல, நாத்தம் மட்டும்."

பெரியவரைக் கூப்பிடத் தேவைப்படவில்லை. யாரும் பயன்படுத்தாத ட்ராப்பில் நிற்கும் 5 செ.மீ. தண்ணீரைத் திருச்சி வெயில் குடித்துவிட்டது.

விக்டோரியா கால இங்கிலாந்தில் சாக்கடைக் காற்றுக்குப் பேயைவிட அதிகம் பயந்தார்கள். 1871-ல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் தங்கிவிட்டு வந்து டைஃபாய்டில் விழுந்து சாகக் கிடந்தார்; உடன் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு இறந்தே போனார். பழி அந்த மாளிகையின் கழிவுக் குழாய்கள் மேல் விழுந்தது. வசதியுள்ளவர்கள் எல்லாம் வீட்டுக் குழாய்களைத் தோண்டிப் பார்த்தார்கள். பிறகு கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டு, டைஃபாய்டு பரவுவது நாற்றத்தால் அல்ல, தண்ணீராலும் உணவாலும் என்று தெரிந்ததும், அந்தப் பயம் பழைய மூடநம்பிக்கைகளின் வரிசையில் சேர்ந்தது.

2003 மார்ச்சில், ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில், அது பாதி உண்மையாகத் திரும்பி வந்தது. சார்ஸ் தொற்றோடு வந்த ஒருவர் 33 மாடிக் கட்டடம் ஒன்றில் தன் சகோதரர் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தினார். அவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. சில வாரங்களில் அந்தக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு நோய். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆராய்ந்தவர்கள் வந்து நின்ற இடங்களில் முக்கியமானது குளியலறைத் தரை ட்ராப். அங்கே தரையைக் கழுவாமல் துணியால் துடைப்பார்கள். ட்ராப்புக்குள் தண்ணீர் போவதே இல்லை. காய்ந்துபோன கதவுகள் வழியே, குளியலறைகளின் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் பொதுக் கழிவுக் குழாயிலிருந்து நுண்துளிகளை வீட்டுக்குள் இழுத்திருக்கின்றன.

இதை அம்மாவுக்குப் போனில் முழுதாகச் சொன்னேன். வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்றேன். இன்னும் ஒரு வழி இருக்கிறது, தண்ணீர் ஊற்றிய பிறகு மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் அது மிதந்து மூடிக்கொள்ளும், சீக்கிரம் ஆவியாகாது, அடிக்கடி மாடி ஏற வேண்டாம் என்றும் சொன்னேன்.

"விக்கிற விலைக்கு எண்ணெயைக் கொண்டுபோய் சாக்கடைல ஊத்தச் சொல்றியா" என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமை காலையில் மொட்டை மாடித் துளசிக்குத் தண்ணீர் விடப் போகும்போது, வழியில் அந்தப் பூட்டைத் திறந்து, சொம்பில் பாதியை ட்ராப்பில் ஊற்றிவிட்டு, மீதியைத் துளசிக்குக் கொண்டுபோகிறார்.